காக்னிட்டிவ் சயின்ஸ் மைனர் எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரி சேர்க்கை முடிந்து, மேஜர் என்னும் முதன்மைப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் துணைப் பாடமாக 'மைனர் என்ன எடுப்பது' என்று பிள்ளைகள் மண்டையைப் பிய்த்துக்கொள்ளும் நேரம் இது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் காக்னிட்டிவ் சயின்ஸ் பற்றியவை. தமிழில் சிலர் அறிவாற்றல் அறிவியல் என்கிறார்கள், சிலர் அறிதிறன் அறிவியல் என்கிறார்கள். பெயர் இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை. வகுப்பில் எல்லோரும் சொல்கிற மாதிரியே இங்கும் சொல்லிவிடுகிறேன்.

மேடம், என் மகள் பெங்களூரில் பி.எஸ்சி. படிக்கிறாள். காக்னிட்டிவ் சயின்ஸை மைனராக எடுக்கப் போகிறாளாம். இதைப் படித்தால் மனநல ஆலோசகர் ஆகலாமா? (ஒரு தாய், ஓசூர்)

ஆக முடியாதம்மா. மனநோய்க்குச் சிகிச்சை தருவது இந்தப் படிப்பின் வேலை இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய வேண்டுமானால் அதற்கென்று தனி மேற்படிப்பும் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவும் வேண்டும். பார்ப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, முடிவெடுப்பது எல்லாம் மூளையில் எப்படி நடக்கிறது என்பதுதான் காக்னிட்டிவ் சயின்ஸ். உளவியல், மொழியியல், கணினி, நரம்பியல், தத்துவம், மானிடவியல் என்று ஆறு துறைக்காரர்கள் கூடி நடத்தும் கூட்டுக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக் குடித்தனத்தில் உள்ள சண்டைகளும் உண்டு. மகளுக்கு ஆலோசகர் ஆவதுதான் ஆசை என்றால் உளவியலையே மேஜராக எடுக்கச் சொல்லுங்கள்.

மைனருக்கு எவ்வளவு சுமை? மேஜர் மார்க் குறைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

நீங்கள் எந்தப் படிப்பில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. யு.ஜி.சி. 2022 டிசம்பரில் வெளியிட்ட கட்டமைப்பைப் பின்பற்றும் கல்லூரி என்றால், மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டில் (பாடச் சுமையை அளக்கும் அலகு) குறைந்தது 24 மைனருக்கு. அது மொத்தக் கணக்குக்குள்ளேயே வருவது, ஏதாவது ஒரு மைனர் எப்படியும் எடுத்தாக வேண்டும். பொறியியலில் கதை வேறு. தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. அமைப்பின் மாதிரித் திட்டத்தில் மைனர் என்பது பி.டெக். கிரெடிட்டுக்கு மேல் கூடுதலாக 18 முதல் 20 வரை. அதாவது ஐந்தாறு தாள்கள் அதிகம். இரண்டாம் ஆண்டிலேயே அரியர் வைத்திருக்கும் பொறியியல் தம்பிகள் இந்தப் பக்கம் வராமல் இருப்பது நல்லது.

நான் பி.டெக். கம்ப்யூட்டர் சயின்ஸ், இரண்டாம் ஆண்டு. ஏ.ஐ. வேலைக்குப் போக ஆசை. இந்த மைனர் உதவுமா, அல்லது அந்த நேரத்தில் இன்னும் நாலு கோடிங் கோர்ஸ் போடலாமா?

நாலு கோடிங் கோர்ஸை நீங்கள் எப்படியும் போடத்தான் போகிறீர்கள். இன்றைய ஏ.ஐ.க்கு அடிப்படையான நியூரல் நெட்வொர்க்குக்காக 2024-இல் இயற்பியல் நோபல் பெற்ற ஜெஃப்ரி ஹின்டன், 1970-இல் கேம்பிரிட்ஜில் வாங்கிய பட்டம் சோதனை உளவியலில். அந்த நெட்வொர்க் தன் தவறுகளிலிருந்து கற்கும் முறையான பேக்ப்ராப்பகேஷனைப் பிரபலமாக்கிய 1986 ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயரே டேவிட் ரூமல்ஹார்ட் என்ற உளவியலாளருடையது. 2024-இலேயே வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட ஏ.ஐ. ஆய்வாளர் டெமிஸ் ஹசாபிஸின் முனைவர் பட்டம் காக்னிட்டிவ் நியூரோசயின்ஸில். இதைச் சொல்லி உங்களுக்கும் நோபல் வரும் என்று நான் ஆசை காட்டவில்லை. மூளையையும் மெஷினையும் சேர்த்து யோசிக்கிற பழக்கம் இந்தத் துறையில் 1956-இலிருந்தே இருக்கிறது.

மைனரில் எந்தத் தாளை எடுக்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். 'மூளையும் கம்ப்யூட்டரும்' போலக் கவர்ச்சியான தலைப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, சோதனை வடிவமைப்பையும் புள்ளியியலையும் முதலில் பிடியுங்கள். ஒரு ஏ.ஐ. மாடல் சரியான விடை சொல்லிவிட்டது, சரி. புரிந்து சொன்னதா, ஏதோ குறுக்குவழியில் பிடித்ததா? அதைக் கண்டுபிடிக்கக் கேள்வியை எப்படி மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும்? வாய் திறந்து எதையும் விளக்காத கைக்குழந்தைகளை வைத்து உளவியலாளர்கள் பல வருடங்களாகச் செய்துவரும் வேலை இது. உங்கள் கோடிங் கோர்ஸில் இதற்குப் பாடம் இருக்காது.

பி.ஏ. தமிழ் படிக்கிறேன். நான் இதைப் பற்றி யோசிப்பதே வீணா, மேடம்?

இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி. வீணே இல்லை.

ஒரு மேசையில் மூன்று பொம்மை மிருகங்களை வரிசையாக வைக்கிறார்கள். பார்த்து மனதில் வைத்துக்கொள்ளச் சொல்லி, உங்களை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பி, இன்னொரு மேசையில் 'அதே மாதிரி அடுக்குங்கள்' என்கிறார்கள். முன்பு இடப்பக்கம் பார்த்து நின்ற பசுவை இப்போதும் இடப்பக்கம் பார்க்க வைப்பீர்களா? வடக்கே பார்த்து நின்றது என்று வடக்கே பார்க்க வைப்பீர்களா? இரண்டும் 'அதே மாதிரி'தான்.

1990-களில் எரிக் பெடர்சன் என்ற மொழியியலாளர் இந்த வகைச் சோதனைகளைத் தமிழ்நாட்டில் நடத்தினார். ஒரே மொழிக்குள்ளேயே 'கொஞ்சம் தெற்கே தள்ளி வை' என்று திசைப்பெயரில் பேசுகிற கிராமத்தாரும், இடம் வலம் என்று பேசுகிற நகரத்தாரும் இருப்பதுதான் அவரை இழுத்தது. பேச்சில் திசைப்பெயர் புழங்குகிறவர்கள், வாயே திறக்காமல் பொம்மை அடுக்கும்போதும் திசைப்படி அடுக்கும் போக்கு தெரிந்தது. அப்படியானால் மொழிதான் நினைவை வளைக்கிறதா? இல்லை என்று 2002-இல் பெக்கி லீ, லைலா கிளெய்ட்மன் என்ற ஆய்வாளர்கள் மல்லுக்கு நின்றார்கள். சுற்றியுள்ள அடையாளங்களை மாற்றினால் அமெரிக்க மாணவர்களும் வேறு மாதிரி அடுக்குகிறார்கள் என்று காட்டினார்கள். எதிர்த்தரப்பும் விடவில்லை, அதே ஆண்டே மறுப்பு எழுதியது.

இந்தச் சண்டையில் புகுந்து பேசத் தமிழ் தெரிந்தவர்கள் வேண்டும். சோத்தாங்கை, பீச்சாங்கை என்று கையை வைத்து வழி சொல்லும் அப்பத்தாவை எந்தக் கட்டத்தில் போடுவது என்று கலிபோர்னியாவில் உட்கார்ந்திருப்பவருக்கு எப்படித் தெரியும்? மொழியியல் தாள், உளவியல் தாள், அப்புறம் அழுதுகொண்டாவது ஒரு புள்ளியியல் தாள். இந்த மூன்றும் போதும் தொடங்குவதற்கு.

எங்கள் கல்லூரியில் மைனர் என்ற பேச்சே இல்லை. மேஜரோடு கல்லூரியே சேர்த்துத் தரும் அலைடு (சார்புப் பாடம்) மட்டும்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பல இடங்களில் அப்படித்தான். உளவியலோ புள்ளியியலோ அலைடாகக் கிடைத்தால் வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு என்.பி.டி.இ.எல். என்ற இணையப் பாடத்தளம் இருக்கிறது. காக்னிட்டிவ் சைக்காலஜி, மொழி உளவியல் எல்லாம் ஐ.ஐ.டி. ஆசிரியர்கள் நடத்துவதை இலவசமாகப் பார்க்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும் கட்டணம். மேற்படிப்புக்கு மைனர் கட்டாயமும் இல்லை.

மேற்படிப்பு எங்கே இருக்கிறது?

ஐ.ஐ.டி. கான்பூரில் காக்னிட்டிவ் சயின்ஸுக்குத் தனித் துறையே உண்டு. ஐ.ஐ.டி. காந்திநகர், ஹைதராபாத் பல்கலைக்கழகம், அலகாபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றையும் பாருங்கள். சேர்க்கை முறை வருடத்துக்கு வருடம் மாறுகிறது. இணையத்தில் யாரோ சொன்னதை நம்பாமல் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படியுங்கள்.

வேலை கிடைக்குமா? நேராகச் சொல்லுங்கள்.

மைனரை மட்டும் வைத்து யாரும் வேலை தரமாட்டார்கள். மேஜர்தான் சோறு போடும். டிசைன் படித்தவர் யு.எக்ஸ். ரிசர்ச் (ஒரு செயலியோ தளமோ பயன்படுத்துகிறவருக்கு எப்படி இருக்கிறது என்ற ஆய்வு) பக்கம் போக, கணினி படித்தவர் மொழித் தொழில்நுட்பம் பக்கம் போக இது கை கொடுக்கும்.

எனக்கு இது ஒத்து வருமா என்று சேர்வதற்கு முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?

ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நாலு ஸ்கெட்ச் பேனாவும் போதும். சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு என்ற சொற்களைக் கலந்து கலந்து இருபது எழுதுங்கள். ஆனால் 'சிவப்பு' என்பதைப் பச்சை மையில், 'நீலம்' என்பதைச் சிவப்பு மையில் என்று மாற்றி எழுத வேண்டும். விடுதி நண்பர்களைக் கூப்பிட்டு, சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை மட்டும் வரிசையாகச் சொல்லச் சொல்லி போனில் ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட சோதனையின் வீட்டு வடிவம் இது. திணறுவார்கள், சிரிப்பார்கள். தமிழ் எழுத்தே தெரியாத வடநாட்டு அறைத்தோழர் இருந்தால் அவரையும் விடாதீர்கள். அவர் அவர் மொழியில் நிறத்தைச் சொல்லட்டும். உங்கள் ஆட்களைப் போலத் தடுமாறாமல் அவர் போவதைக் கவனித்து, ஏன் என்று யோசித்துக்கொண்டு இரவு தூக்கம் வராமல் புரண்டால், தாராளமாகச் சேருங்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. இன்னொரு தாளில் அதே நிறங்களில் வெறும் கட்டங்களையும் இருபது போட்டு நேரம் பாருங்கள். ஒப்பிட ஒன்று இல்லாமல் அந்தத் தடுமாற்றம் எவ்வளவு என்று கணக்குச் சொல்ல முடியாது.