நாலு வயதாகியும் எழுத வரவில்லை, மகன் பின்தங்கிவிட்டானா?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது 2 மாதம். எழுத உட்கார வைத்தால் பென்சிலைக் கை முழுக்க மூடிப் பிடித்துக்கொண்டு கிறுக்குகிறான். இரண்டு நிமிடத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். அதே வயதுள்ள என் அக்கா மகள் எழுத்துகளை வரிசையாக எழுதுகிறாள். போன வருடத்திலிருந்து அவனுக்கு எடையும் 2 கிலோதான் கூடியிருக்கிறது, சாப்பாடும் குறைந்துவிட்டது. பேச்சுக்குக் குறைவில்லை, நாள் முழுக்கக் கேள்விதான். அவன் வளர்ச்சியில் பின்தங்கியிருக்கிறானா? தினமும் உட்கார வைத்து எழுதப் பழக்கலாமா? – ஒரு வாசகி

மருத்துவர் பதில்: எடையை முதலில் சொல்லிவிடுகிறேன், அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. பிறந்த எடை முதல் வருடத்திலேயே மூன்று மடங்காகிறது. அந்த வேகம் நீடிக்காது. 3 வயதுக்கு மேல் வருடத்துக்குச் சுமார் 2 கிலோ எடை, 6 முதல் 8 செ.மீ. உயரம் கூடினால் போதும். வேகம் குறையும்போது பசியும் குறையும். வளர்ச்சி அட்டவணையில் அவனுடைய கோடு தன் போக்கில் ஏறிக்கொண்டிருந்தால், தட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓட வேண்டாம்.

எழுத்து வராததும் இந்த வயதில் ஒரு குறை இல்லை. குழந்தைகள் பொதுவாக 3 வயது வாக்கில் வட்டத்தைப் பார்த்து வரைவார்கள். 4 வயதில் கூட்டல் குறி வரும், 5-ஐ நெருங்கும்போது சதுரம், முக்கோணம் அதற்கும் பிறகுதான். சாய்ந்த கோடுதான் கைக்குக் கடைசியில் பழகும். எழுத்து என்பது வளைவும் மூலையும் சாய்வும் எல்லாம் கலந்தது. மூலை திருப்பவே இன்னும் பழகாத கையிடம் அதைக் கேட்கிறோம். எலும்பையும் பாருங்கள்: மணிக்கட்டில் 8 சிறு எலும்புகள் உண்டு, பிறக்கும்போது அத்தனையும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாக எலும்பாக மாறத் தொடங்கும், கடைசி ஒன்று தொடங்கவே ஏறக்குறைய 10 வயதாகும். 4 வயதுக் குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அவற்றில் பாதி இன்னும் கண்ணுக்கே தெரியாது. அக்கா மகளோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். கைவேலையில் பெண் குழந்தைகள் சராசரியாகக் கொஞ்சம் முந்திக்கொள்வார்கள், அதை வைத்து இவனை எடை போடாதீர்கள்.

ஆனால் நீங்கள் எழுதியதில் என் கண்ணில் பட்டது அந்தப் பிடிதான். 4 வயதில் பெரும்பாலான குழந்தைகள் பென்சிலைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவே பிடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவன் கொஞ்சம் தாமதிக்கிறான். அதற்காகத் தினமும் எழுத உட்கார வைத்தால் பிடி மாறாது. எழுத்து மேல் வெறுப்புதான் வரும். விரலுக்கு வேறு வேலை கொடுங்கள். களிமண்ணைக் கிள்ளி உருட்டட்டும், பழைய காகிதத்தைக் கிழிக்கட்டும், மணி கோக்கட்டும், துணிக் கிளிப்பை அழுத்தித் திறக்கட்டும். சட்டைப் பொத்தானை, நேரமானாலும் பரவாயில்லை, அவனே கழற்றட்டும். கிரேயானை ஒடித்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள்: கை முழுக்க மூடிப் பிடிக்க அதில் இடமே இருக்காது, விரல்நுனி தானாக முன்னால் வரும். காகிதத்தைச் சுவரில் ஒட்டி, நின்றுகொண்டு வரையச் சொல்லுங்கள். தோளும் மணிக்கட்டும் அதில் பலப்படும். எந்தக் கையால் செய்தாலும் மாற்றாதீர்கள். நாலரை வயதைத் தாண்டியும் கை முழுக்க மூடியே பிடித்தால், அல்லது பொத்தான், கரண்டி எல்லாவற்றிலும் கை தடுமாறினால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். தேவைப்பட்டால் தொழில்வழி சிகிச்சையாளரிடம் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குபவர்) அனுப்புவார்.

அவன் ஓடுவதையும் தடுக்காதீர்கள். 3, 4 வயதில் நாளுக்கு மொத்தம் 3 மணி நேரமாவது உடல் அசைவு வேண்டும், அதில் ஒரு மணி நேரம் மூச்சு வாங்கும்படி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. திரை ஒரு மணி நேரத்துக்குள், தூக்கம் 10 முதல் 13 மணி நேரம். ஒற்றைக்காலில் குதிக்க வருகிறதா என்று விளையாட்டோடு விளையாட்டாகப் பாருங்கள், 4 வயதில் வர வேண்டும்.

அப்புறம் அந்தக் கேள்விகள். என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்திலேயே மிக நல்ல செய்தி அதுதான். 4 வயதை ஒட்டித்தான், தனக்குத் தெரிந்தது அடுத்தவருக்குத் தெரியாமல் இருக்கலாம் என்பது குழந்தைக்கு மெல்லப் புரிகிறது. வீட்டிலேயே பார்க்கலாம். கிரேயான் பெட்டிக்குள் பொத்தான்களைப் போட்டு மூடி, அவனிடம் திறந்து காட்டுங்கள். மறுபடி மூடிவிட்டு, "அப்பா இந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவே இல்லை, உள்ளே என்ன இருக்கும்னு அப்பா நினைப்பார்?" என்று கேளுங்கள். 3 வயதுக் குழந்தை பெரும்பாலும் "பொத்தான்" என்று சொல்லும். நாலைத் தாண்டிய பலர் "கிரேயான்" என்பார்கள். இன்னும் வராவிட்டாலும் பதற வேண்டாம், 5 வயதுக்குள் பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும். எந்த எழுத்து நோட்டும் இந்த வளர்ச்சியைக் காட்டாது.

கற்றுக்கொண்ட பேச்சோ திறனோ மறைந்துபோனால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரைப் பாருங்கள். வெளியார்க்கு அவன் பேச்சு புரியவில்லை, பாசாங்கு விளையாட்டே இல்லை, மற்ற குழந்தைகளைத் திரும்பியே பார்ப்பதில்லை என்றாலும் தள்ளிப்போடக் கூடாது. நீங்கள் எழுதியிருப்பதில் இவை எதுவும் இல்லை.

கண் பரிசோதனை இதுவரை செய்யவில்லை என்றால் இந்த மாதமே செய்துவிடுங்கள். ஒரு கண் மட்டும் மங்கலாகத் தெரிந்தால் இந்த வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லத் தெரியாது. இப்படி ஒரு கண்ணின் பார்வை சரியாக வளராமல் போகும் சோம்பல் கண்ணுக்கு 7 வயதுக்கு முன்பு சிகிச்சை தொடங்கினால்தான் நல்ல பலன் கிடைக்கும்.