தோள்கவசம் யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள சார்,

என் தம்பிக்கு முப்பது வயது. வாரத்தில் மூன்று இரவு ஹெட்போனை மாட்டிக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். கேட்டால் ‘ரெய்டு’ என்கிறான். ஏதோ ஒரு கவசத்துக்காக ஒரே அரக்கனை நான்கு மாதமாக அடித்துக்கொண்டிருக்கிறார்கள். “கிடைத்தால் என்ன செய்வாய்?” என்று கேட்டேன். “இதைவிடப் பெரிய அரக்கனை அடிக்கப் போவோம்” என்றான். இது சூதாட்டம்தானே? நீங்களும் ஒரு காலத்தில் இதெல்லாம் ஆடியவர் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தம்பி சொன்னது உண்மைதான். ரெய்டு என்றால் கூட்டமாகச் சேர்ந்து பெரிய அரக்கர்களை அடிக்கப் போவது, கியர் என்றால் கவசமும் ஆயுதமும். கியர் சேர்ப்பது ரெய்டு போவதற்கு, ரெய்டு போவது கியர் சேர்ப்பதற்கு. வெளியே நின்று பார்ப்பவருக்குச் செக்குமாடு சுற்றுவது போலத்தான் தெரியும்.

சூதாட்டம் என்பதும் பாதி சரி. எப்போது கிடைக்கும் என்று தெரியாத தீனிக்காகப் புறா விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்று உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் காட்டியது பழைய சங்கதி. விளையாட்டை வடிவமைப்பவர்கள் அதை நன்றாகவே படித்திருக்கிறார்கள். ஆனால் சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் மனிதன் தனியாக உட்காருகிறான். ரெய்டுக்கு ஏன் நாள் குறித்து, ஆள் சேர்த்து, தாமதமாக வந்தவனைத் திட்டிக்கொண்டு போக வேண்டும்? ஸ்கின்னரின் புறாவிடம் இதற்குப் பதில் இல்லை.

நான் ஆடியது வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட். 2004-ல் வந்தது. அதில் மோல்டன் கோர் என்று ஒரு எரிமலைக் குகை. அப்போது 40 பேர் சேர்ந்து போக வேண்டியிருந்தது, உள்ளே 10 பாஸ்கள், அதாவது பெரிய அரக்கர்கள். ஒருமுறை விழுந்த பாஸ் அந்த வாரம் முழுக்கத் திரும்ப எழாது. அவர்களில் பாரன் கெடான் என்பவன் திடீரென்று ஒருவரை வெடிகுண்டாக்கிவிடுவான். குண்டானவர் சில நொடிகளுக்குள் கூட்டத்தை விட்டு விலகி ஓடி, தனியே போய் வெடிக்க வேண்டும். நான் ஹீலர், அடிபட்டவர்களுக்கு உயிர் ஏற்றுபவன். என் கண் முழுக்க மற்றவர்களின் உயிர்க்கோடுகளில் இருந்தது. குண்டானது நான்தான் என்று புரியும் முன்பே ஹெட்போனில் என் பெயர் நாலு குரலில் கேட்டது. ஓடினேன், ஆனால் தப்பான பக்கம், மற்ற ஹீலர்கள் நிற்கும் இடத்துக்கு. அவ்வளவுதான். ஹீலர் இல்லாத ரெய்டு எவ்வளவு நேரம் தாங்கும்? எல்லோரும் செத்து, ஆவியாக இடுகாட்டிலிருந்து திரும்ப ஓடிவந்தோம். யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் மட்டும், “அடுத்த தடவை இடது பக்கம் ஓடுங்கள்” என்றார்.

அடுத்த வாரம் இடது பக்கம் ஓடினேன்.

பாஸ் விழுந்தால் 40 பேருக்கும் சேர்த்து ஏதோ சில பொருள்கள்தான் கிடைக்கும். அதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு: அந்தப் பொருள்கள் எடுத்தவரோடு ஒட்டிக்கொள்ளும். இன்னொரு ஆட்டக்காரருக்கு விற்க முடியாது, கைமாற்ற முடியாது. அதாவது 40 பேருடைய பல வாரத்து இரவுகள் ஒரே ஆளின் உடம்பில் போய்ச் சேர்கின்றன. அவர் ஆட்டத்தை விட்டுப் போனால் அவ்வளவும் அவரோடு போய்விடும். யாருக்குக் கொடுப்பது என்பதற்காகவே டிகேபி என்று ஒரு கணக்கு உண்டு. டிராகன் கில் பாயிண்ட்ஸ். 1999-ல் வந்த எவர்குவெஸ்ட் என்ற ஆட்டத்தின் காலத்திலேயே ஆடுபவர்கள் தாங்களாக வகுத்துக்கொண்டது. ரெய்டுக்கு வந்தால் புள்ளி ஏறும், பொருள் எடுத்தால் இறங்கும். வரவு செலவுக் கணக்குதான். அதை வைத்து நடந்த சண்டைகளைத் தனியாகத்தான் எழுத வேண்டும்!

இந்த விதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குத் தண்டர்ஃப்யூரி என்ற வாளே போதும். அதற்கு இரண்டு பாதிகள் வேண்டும். ஒன்று கெடானிடம், இன்னொன்று கார் என்ற வேறொரு பாஸிடம். இரண்டுமே அபூர்வமாகத்தான் விழும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர வேண்டும். அதனால் கில்டு, அதாவது சேர்ந்து ஆடும் குழு, முன்கூட்டியே ஒருவரை, பெரும்பாலும் முன்னால் நின்று அடி வாங்கும் டேங்கை, தேர்ந்தெடுத்துவிடும். ஒரு பாதியைப் பையில் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்த டேங்குகளை எனக்குத் தெரியும். அவர்களால் ஒரு வாரம்கூட லீவு போட முடியாது.

என்னைக் கேட்டால், கியர் என்பது பரிசைவிடக் கடனுக்குத்தான் கிட்டத்தில் வரும். கூட்டம் உங்கள் மேல் பணம் போட்டுவிட்டது, அடுத்த வாரம் நீங்கள் வந்தாக வேண்டும். நம்மை ஒரு கூட்டம் இவ்வளவு கறாராக எதிர்பார்ப்பது, அலுவலகத்தை விட்டால், பெரியவர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை. அதில் ஒரு சுகம் இருக்கிறது. சுமையும்தான், மறைப்பானேன்.

2007 ஜனவரியில் பர்னிங் க்ரூசேட் என்று ஆட்டத்தின் விரிவாக்கம் வந்தது. புது நிலத்தில் காலெடுத்து வைத்ததும் சில்லறை வேலைகளுக்குக் கிடைத்த சாதாரணமான பச்சை நிறப் பொருள்களே மோல்டன் கோரின் உயர்ரக ஊதா நிறப் பொருள்கள் பலவற்றைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டன. எல்லோரும் கொஞ்சம் புலம்பினார்கள், மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அதே சமயம் பெரிய ரெய்டு 40 பேரிலிருந்து 25 பேராகச் சுருங்கியது. மிச்சம் 15 பேரை என்ன செய்வது? எங்கள் கில்டு உடைந்தது அதில்தான், கியர் போனதில் இல்லை.

நான் அதற்கு முன்பே கழன்றுகொண்டேன். எனக்கு ஒரு தோள்கவசம் கிடைத்த மூன்றாவது வாரம் வேலை மாறியது, இரவு நேரம் ஒத்துவரவில்லை. கில்டுத் தலைவர் நல்லவர், வாழ்த்து சொன்னார். கூடவே, “தோள்கவசத்தை இன்னொரு ஹீலருக்குக் கொடுத்திருக்கலாம்” என்றும் சொன்னார். எனக்குப் பதில் வரவில்லை. அது நியாயம்தானே.

சரி, தம்பி டேங்கா, ஹீலரா என்று நீங்கள் எழுதவில்லை. டேங்க் என்றால் அந்த மூன்று இரவுகளில் அவரைக் கடைக்கு அனுப்பாதீர்கள்.