எடை கூடினால் மனமும் சோருமா?
கர்ப்பத்துக்கு முன்பே 82 கிலோ, உயரம் 158 செ.மீ., இப்போது ஐந்தாம் மாதம், செக்கப் நாள் வந்தாலே அழுகை வருகிறது, எடைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. உடல் பருமனோடு கருத்தரிப்பவர்களுக்கு மனச்சோர்வும் பதற்றமும் கொஞ்சம் அதிகமாக வருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் எடைதான் காரணம் என்று அதற்கு அர்த்தமில்லை. தூக்கமின்மை, வெளியே நடக்கப் பிடிக்காமல் போவது, மனசு சரியில்லாதபோது பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்வது என ஒன்று இன்னொன்றை இழுத்துவிடும்.

கூச்சமும் ஒரு காரணம். எனக்கு வேளச்சேரியில் ஒரு கிளினிக்கில் நர்ஸ் எடையைச் சத்தமாகப் படித்தார், வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். அடுத்த முறை செருப்பு, வளையல் எல்லாம் கழற்றிவிட்டு ஏறினேன், என்னவோ அதில் இரண்டு கிலோ குறையும் என்பதுபோல. வீட்டிலோ மாமியார், "ரெண்டு உயிர்மா, இன்னும் ஒரு கரண்டி" என்பார்!

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) 30-க்கு மேல், அதாவது உடல் பருமன். 2009-ல் வந்த அமெரிக்க வழிகாட்டலின்படி, இந்த நிலையில் கர்ப்பகாலம் முழுக்க 5 முதல் 9 கிலோ கூடினால் போதும். அதற்காகப் பட்டினி வேண்டாம். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் பார்த்துவிடுங்கள், இவை குறைந்தாலும் சோர்வு வரும்.

அழுகையோ எதிலும் விருப்பமின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கர்ப்பத்திலும் கொடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. ஏற்கெனவே மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். நடு ராத்திரியில் தாங்க முடியவில்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனாஸ் 14416-ஐ அழையுங்கள், இலவசம், தமிழிலேயே பேசலாம்.