தனியாளாகச் சிறுதொழில் நடத்தும்போது கவனம், நேர்மை, மனநலம் மூன்றையும் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி கேட்டவர் சொந்தமாகச் சிறுதொழில் நடத்துகிறார். எல்லா வேலையும் அவர் தலையில்தான். எதிலும் மனம் ஊன்றவில்லை, வாடிக்கையாளர்களிடம் நடிக்கிறோமோ என்று உறுத்துகிறது, படுத்தால் தூக்கம் வருவதில்லை என்கிறார்.

நான் சிறிய அச்சகம் நடத்துகிறேன். பில் புத்தகம், துண்டறிக்கை, குறைந்த பிரதிகளில் நூல்கள் என்று வண்டி ஓடுகிறது. எனக்குத் தெரிந்தவரை இவர் சொல்லும் மூன்றும் ஒரே இடத்திலிருந்துதான் முளைக்கின்றன. பணத்துக்குக் கணக்கு எழுதாத தொழில்காரர் அரிது. கொடுத்த வாக்குக்குக் கணக்கு எழுதுகிறவரும் அரிது.

என் மேசையில் ஒரு நீளநோட்டு இருக்கிறது. யாருக்கு, என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு வரி. "வெள்ளிக்கிழமை கிடைத்துவிடுமா?" என்று யாராவது கேட்டால், நோட்டைத் திறந்து பார்த்த பிறகுதான் பதில். அச்சடிக்கும் நேரம் எல்லோருக்கும் தெரியும். மை காயும் நேரம் பலருக்கும் தெரியாது. காயாத தாள்களை அடுக்கினால் ஒன்றின் மை இன்னொன்றின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அவசரப்பட்டு வெட்டினால் அத்தனையும் குப்பைக்கு. காயும் நேரத்தையும் சேர்த்து எழுதினால், வெள்ளிக்கிழமை ஏற்கெனவே நிரம்பியிருப்பது கண்ணுக்குத் தெரியும். "திங்கள் மாலை தருகிறேன்" என்று சொல்ல அதற்குமேல் துணிச்சல் தேவைப்படுவதில்லை. எந்தத் தொழிலிலும் இப்படிக் காயும் நேரம் ஒன்று ஒளிந்திருக்கும். உங்கள் தொழிலில் அது எது என்று கண்டுபிடியுங்கள்.

கவனத்துக்கு வருகிறேன். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். பனியனில் அச்சிடுவீர்களா, கோப்பையில் படம் போடுவீர்களா என்று கேட்டு வருகிறவர்களை, அதைச் செய்கிற வேறு ஆளிடம் அனுப்பிவிடுகிறேன். அதில் போகும் வருமானம் உண்மைதான். ஆனால் ஒவ்வொரு புது வகை வேலையும் புது வகை வாக்கு. அதை எத்தனை மணி நேரம் என்று நோட்டில் எழுத எனக்குத் தெரியாது.

ஒரு நாளுக்குள்ளும் இதே கதைதான். ஒரு வேலையை முடிக்காமல் இன்னொன்றுக்குத் தாவினால் மனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் எழுதினார். ப்ரூஃப், அதாவது அச்சுக்கு முந்தைய சோதனைப் பிரதி, திருத்துகிற எவருக்கும் இது ஆய்வில்லாமலே தெரியும்: நடுவில் தொலைபேசியை எடுத்தால், திரும்பி வந்ததும் கண் வரியைப் படிக்கும், மூளை படிக்காது. அதனால் என் காலை நேரம் ப்ரூஃபுக்கு. அப்போது தொலைபேசி உதவியாளரிடம் இருக்கும். அவருக்கு நான் கொடுத்திருக்கும் ஒரே விதி: தேதி எதுவும் சொல்லக் கூடாது, பதினொரு மணிக்கு மேல் முதலாளி பேசுவார் என்று மட்டும் சொல்ல வேண்டும்.

நேர்மை பற்றி எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து உண்டு. 'உண்மையான நீங்களாக இருங்கள்' என்ற அறிவுரையைக் கேட்டுவிட்டுச் சிலர் தங்கள் சோகம், குடும்பக் கதை எல்லாவற்றையும் தொழில் பக்கத்தில் கொட்டுகிறார்கள். வாடிக்கையாளர் அதைக் கேட்கவில்லை. மனம் சரியில்லாத நாளில் சிரித்துப் பேசுவதும் பொய் அல்ல. அது வேலையின் ஒரு பகுதி, களைப்பூட்டும் பகுதி. நேர்மை வேண்டியது பொருளில். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சில் நீலம், இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள்தான். திரையில் பளீரென்று தெரியும் அந்தப் பச்சை, தாளில் மங்கித்தான் வரும். வேலை கொடுக்க வந்தவரிடம் இதை முன்பணம் வாங்குவதற்கு முன்னாலேயே, பழைய மாதிரித் தாளைக் கையில் கொடுத்துச் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளித்துப் போய்விடுவார்கள். இருப்பவர்களிடம் பிறகு எதையும் மழுப்ப வேண்டியிருக்காது. நடிப்பு என்ற உறுத்தலில் பெரும்பகுதி இந்த மழுப்பலிலிருந்து வருவதுதான்.

தாமதம் என்றாலும் அப்படித்தான். "சிறிய தொழில்நுட்பக் கோளாறு" என்று எழுதாதீர்கள், யாரும் நம்புவதில்லை. "அட்டை அச்சாகிவிட்டது, பைண்டிங் பாக்கி, புதன் மதியம் கையில் கிடைக்கும்" என்று எழுதலாம். அவர் கேட்பதற்கு முன்பே எழுதினால் சண்டை பாதியாகக் குறையும்.

தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பணம்தான். ஏட்டில் லாபம் காட்டும் தொழிலும் கையில் காசில்லாமல் மூடப்படலாம், ஏனென்றால் லாபம் பில் போட்ட நாளில் வருகிறது, காசு வாடிக்கையாளர் கொடுக்கிற நாளில் வருகிறது. அடுத்த 13 வாரங்களுக்கு வாரம் ஒரு வரியாக வரவு, செலவு, மீதி எழுதிப் பாருங்கள். ஒரு காலாண்டு கண்முன் நிற்கும். பாக்கித் தொகையை, அவர் தருவதாகச் சொன்ன வாரத்தில் எழுதாமல் வழக்கமாகத் தருகிற வாரத்தில் எழுதுங்கள். எட்டாவது வாரம் கை கடிக்கும் என்று இன்றே தெரிந்தால் அது வெறும் வேலை. எட்டாவது வாரத்தில் தெரிந்தால் பீதி. வீட்டுக் கணக்கும் தொழில் கணக்கும் தனித்தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும் என்பதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொரு சிறு வழக்கம். மாலையில் கிளம்பும் முன், முடியாத வேலை ஒவ்வொன்றுக்கும் அடுத்த படி என்ன, எப்போது என்று எழுதிவிடுவது. 'மூன்றாம் பாரத்தில் பக்க எண் சரிபார்க்க, நாளை முதல் வேலை.' (பாரம் என்பது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்.) அவ்வளவு போதும். முடியாத காரியம் மனத்தைக் குடைவதை, தெளிவான திட்டம் எழுதிவைப்பதே குறைக்கிறது என்று மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. வேலையை முடித்தால்தான் நிம்மதி என்றால் தொழில்காரருக்கு நிம்மதியே கிடையாது.

இவ்வளவும் செய்தும் சரியாகவில்லை என்றால்? உலக சுகாதார நிறுவனம் 2019இல், சமாளிக்கப்படாத நீண்டகாலப் பணி அழுத்தத்தால் வரும் சோர்வுக்கு மூன்று அடையாளங்களைக் குறித்தது: ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மேல் விலகலும் கசப்பும், திறன் குறைந்துவிட்ட உணர்வு. நான் கவனிப்பது இரண்டாவதை. நல்ல வாடிக்கையாளரின் பெயரைத் தொலைபேசியில் பார்த்ததும் எரிச்சல் வந்தால், அந்த வாரம் புது வேலை எதையும் ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் தூக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அது நோட்டுப் புத்தகத்தால் தீர்கிற விஷயம் அல்ல. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நேரமே யாரிடமாவது சொல்லுங்கள்.

விடுப்பு எடுக்கச் சொல்ல நமக்கு மேலதிகாரி இல்லை. ஆகவே, நீங்கள் சில நாள் இல்லாவிட்டால் இன்னொருவர் தொழிலை நடத்த என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள்: தாள் எங்கே வாங்குவது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும், இயந்திரம் நின்றால் யாரைக் கூப்பிடுவது. நான்தான் செய்தாக வேண்டும் என்று என் தாளில் கடைசியில் மிஞ்சியவை இரண்டே: விலை சொல்வது, இறுதி ப்ரூஃபில் கையெழுத்திடுவது.