பூனை குறட்டை விடுகிறதா? வாசகர் கேள்விகளும் கால்நடை மருத்துவர் பதில்களும்

கேள்வி: எங்கள் பெர்ஷியன் பூனைக்கு 3 வயது. குட்டியிலிருந்தே குறட்டை. "இந்த ஜாதிக்கு அப்படித்தான்" என்கிறார்கள். விட்டுவிடலாமா டாக்டர்?

அந்த ஜாதிக்கு அப்படித்தான். அதற்காகச் சிரமமே இல்லை என்று ஆகிவிடாது. தட்டை முகம் வேண்டுமென்று பொறுக்கிப் பொறுக்கி இனம் பெருக்கியதில் மண்டை எலும்பு குறுகியது. உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. அண்ணத்தின் பின்பக்க மென்சதை தொண்டைக்குள் தொங்கி, மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதிர்கிறது. மூக்குத் துவாரத்தைக் கிட்டத்தில் பாருங்கள். பேனாவால் கீறிய கோடு போல இருந்து, மூச்சு இழுக்கும்போது இன்னும் ஒட்டிக்கொண்டால் காட்டிவிடுங்கள். துவாரத்தை அகலப்படுத்த அறுவை சிகிச்சை உண்டு. சித்திரை வெயிலில் மொட்டைமாடி அறையில் மட்டும் அடைத்து வைக்காதீர்கள்.

கேள்வி: கருத்தடை செய்த பிறகு எங்கள் நாட்டுப்பூனை 6.5 கிலோ ஆகிவிட்டது. இப்போது குறட்டையும் சேர்ந்துவிட்டது. பட்டினி போடலாமா?

பட்டினி கூடவே கூடாது. குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாலே உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். கிண்ணத்தில் நாள் முழுக்கக் கிடக்கும் உலர் தீவனத்தை எடுத்துவிட்டு, அளந்து வேளைக்குப் போடுங்கள். வாரத்துக்கு 60 கிராம் இறங்கினால் போதும். கழுத்துக் கொழுப்பு கரையக் கரையச் சத்தமும் குறையும்.

கேள்வி: 2 வயதுப் பூனை. இதுவரை சத்தமே இல்லை. 10 நாளாகக் குறட்டை. விழித்திருக்கும்போதும் 'கர்கர்' என்கிறது. நன்றாகச் சாப்பிடுகிறது. காத்திருக்கலாமா?

வேண்டாம். இந்த வாரக் கேள்விகளில் என்னை உறுத்தியது இதுதான். குட்டியிலிருந்து இருக்கும் குறட்டையைவிட, திடீரென்று தொடங்கிய குறட்டைக்குத்தான் நான் பயப்படுவேன். அது விழித்திருக்கும்போதும் கேட்டால், மூச்சுப்பாதையில் ஏதோ அடைக்கிறது. சளி வைரஸ் என்றால் தும்மல், கண்ணீர், மூக்கொழுகல் கூடவே இருக்கும். அது எதுவும் இல்லையென்றால், இளம் பூனைகளில் நடுக்காதில் முளைத்து மூக்கின் பின்புறம் தொங்கும் பாலிப் என்ற சதை வளர்ச்சியைச் சந்தேகிப்போம். புற்றுநோய் அல்ல, எடுத்துவிடலாம். (வயதான பூனையாக இருந்து, ஒரே துவாரத்தில் ரத்தம் வந்தாலோ மூக்குத்தண்டு வீங்கினாலோ கவலை வேறு.)

இப்படித்தான் ஒரு பூனை வந்தது. ஆன்டிபயாடிக் கொடுத்தும் கேட்கவில்லை. சும்மா உட்கார்ந்து எச்சில் விழுங்கிக்கொண்டே இருந்தது. மயக்கம் கொடுத்து, அண்ணத்தின் மென்சதையைக் கொக்கியால் முன்னே இழுத்தால் உள்ளே பச்சையாக ஒரு நுனி. இடுக்கியால் பிடித்து இழுத்தேன்; என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புல். தின்ற புல்லை வாந்தி எடுக்கும்போது ஓர் இழை மேலேறி மூக்கின் பின்னால் மாட்டியிருக்கிறது. அன்று ராத்திரியே குறட்டை நின்றது.

போகும்போது சத்தத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். கிளினிக் மேசையில் ஏறியதும் பூனை சாதுவாகிவிடும்.

கேள்வி: மூக்கில் தைலம் தடவலாமா? குழந்தையின் பாராசிட்டமால் சிரப்பில் கால் ஸ்பூன்?

இரண்டுமே கூடாது. பாராசிட்டமாலைச் செரித்து வெளியேற்றப் பூனையின் கல்லீரலுக்குத் திராணி இல்லை. ஒரே மாத்திரையில் உயிர் போகலாம். தைலத்தை நக்கியே உள்ளே தள்ளிவிடும்; கற்பூரமும் யூக்கலிப்டஸும் அதற்கு விஷம்.

கேள்வி: இது குறட்டையா, சந்தோஷ உறுமலா?

உறுமல் மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் விடாமல் வரும்; தொட்டால் கை அதிரும். குறட்டை பெரும்பாலும் இழுக்கும்போது மட்டும்தான். ஆனால், வலியிலும் பூனை உறுமும்.

கேள்வி: ராத்திரியிலேயே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது எப்போது?

தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-க்குள் இருந்தால் நிம்மதி. 40-ஐத் தாண்டினால் அன்றே காட்டுங்கள். நாய் மாதிரி வாயைத் திறந்து இரைத்தாலோ, ஈறு வெளிறினாலோ நீலம் பாரித்தாலோ, கழுத்தை நீட்டி முழங்கையை விரித்துப் படுக்க மறுத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அமுக்கிப் பிடிக்காமல், வாயில் தண்ணீர் ஊற்றாமல், காற்றோட்டமான கூடையில் வைத்துக் கிளம்புங்கள். கிளம்பும்போதே போன் செய்துவிடுங்கள். நீங்கள் வருவதற்குள் ஆக்சிஜன் தயாராக இருக்கும்.