வீட்டுப் பட்டறையில் விமானம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: இரண்டு இருக்கை அலுமினிய விமானத்துக்கு வால் பகுதியைக் கட்டி வருகிறேன். அடித்த ரிவெட்களில் சில ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. சில இடங்களில் இரண்டு தகடுகளுக்கு நடுவே மயிரிழை அளவு இடைவெளி தெரிகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டுமா?

பதில்: எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். இரண்டு குறைகளுக்கும் காரணம் வேறு வேறு.

இடைவெளிக்குப் பெரும்பாலும் பிசிறுதான் (துளையின் விளிம்பில் துருத்தி நிற்கும் உலோகத் துணுக்கு) காரணம். துளை போட்டதும் தகடுகளைப் பிரித்து, துளையின் இரு பக்கமும் பிசிறு நீக்க வேண்டும். துளையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையால் இரண்டு சுற்று மெதுவாகத் திருப்பினால் போதும். அழுத்தித் திருப்பினால் விளிம்பு குழிந்து தகடு மெலிந்துவிடும். பிறகு தகடுகளைச் சேர்த்து, ஒரு துளை விட்டு ஒரு துளைக்கு கிளீகோ (தகடுகளைத் தற்காலிகமாகச் சேர்த்துப் பிடிக்கும் பிடிப்பான்) போட்டு இறுக்குங்கள். பிசிறோ டிரில் தூளோ உள்ளே இருந்தால் தகடுகள் ஒட்டி உட்காராது. அடிக்கும்போது ரிவெட்டின் தண்டு அந்த இடைவெளிக்குள்ளேயே பருத்துவிடும். அதன்பின் எத்தனை அடித்தாலும் தகடுகள் நெருங்காது. இப்படிப்பட்ட ரிவெட்டைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள்.

சாய்வுக்குக் காரணம், பக்கிங் பார் (அடிக்கும்போது ரிவெட்டின் மறுமுனையில் முட்டுக் கொடுக்கும் உலோகக் கட்டை) தகட்டுக்கு இணையாக நிற்காதது, அல்லது ரிவெட் நீளம் அதிகமாக இருப்பது. 1/8 அங்குல ரிவெட் என்றால், அடிப்பதற்கு முன் தகட்டுக்கு வெளியே 4.8 மி.மீ. நீண்டிருக்க வேண்டும், அதாவது விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு. அடித்தபின் உருவாகும் தலை 4.8 மி.மீ. அகலமும் 1.6 மி.மீ. உயரமும் இருக்க வேண்டும். துளைக்கு 30-ஆம் எண் டிரில் பிட், 3/32 அங்குல ரிவெட்டுக்கு 40-ஆம் எண். துளையின் மையத்திலிருந்து தகட்டின் விளிம்பு வரை ரிவெட் விட்டத்தைப்போல் இரண்டு மடங்காவது இடம் வேண்டும். ரிவெட் கன்னின் (காற்றழுத்தத்தால் ரிவெட் அடிக்கும் கருவி) காற்றழுத்தத்தைக் குறைத்து வைத்து நிறைய சிறு அடிகள் அடிக்காதீர்கள். உலோகம் கடினமாகித் தலையில் விரிசல் விழும். பலமான சில அடிகளிலேயே வேலை முடிய வேண்டும்.

லேசான சாய்வு மட்டும் இருந்து, அகலமும் உயரமும் சரியாக இருந்தால் அந்த ரிவெட்டை விட்டுவிடுங்கள். அவசரமாக எடுக்கப் போய் துளை பெரிதாவது அதைவிடக் கேடு. எடுத்தே ஆக வேண்டியதற்கு, தொழிற்சாலைத் தலையின் (ரிவெட்டோடு முதலிலிருந்தே வரும் தலை) நடுவே தலையின் ஆழத்துக்கு மட்டும் துளையிட்டு, தலையை நெம்பி உடைத்து, தகட்டுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்துத் தண்டை பஞ்ச்சால் தட்டி வெளியேற்றுங்கள். இன்னொன்று: விமானத்தின் கட்டமைப்புக்கான ஏடி (AD) என்ற கலப்புலோக வகை ரிவெட்டின் தலையில் ஒரு சிறு குழிப்புள்ளி இருக்கும். புள்ளி இல்லாமல் வழவழப்பாக இருப்பது மிருதுவான தூய அலுமினியம். அது பாரம் தாங்கும் இடத்துக்கு ஆகாது.

கேள்வி: மரத்தால் செய்யும் இறக்கை ரிப்களில் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்கள்) எபாக்சி ஒட்டு உறுதியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ரிப்பை உடைக்காமல் தெரிந்துகொள்ள வழி, ஒவ்வொரு முறை எபாக்சி கலக்கும்போதும் அதே மரத்தில் ஒரு சோதனைத் துண்டை ஒட்டி வைப்பதுதான். அதில் ரிப்பின் எண்ணை எழுதி, ரிப்பின் பக்கத்திலேயே காயவிடுங்கள். முழுதும் இறுகியபின் வைஸில் பிடித்து உடையுங்கள். மரநார் கிழிந்து இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தால் ஒட்டு தேறியது. ஒட்டின் பரப்பு பளபளவென்று வழுவழுப்பாக விட்டு வந்தால் அந்தக் கலவையில் ஒட்டிய எல்லாவற்றையும் சந்தேகியுங்கள்.

தச்சு வேலைப் பழக்கத்தில் கிளாம்பை முறுக்கி இறுக்குவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எபாக்சிக்கு அந்த அழுத்தம் வேண்டாம். பிசின் முழுதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுபோகும். இரு பரப்புகளும் தொட்டு நின்று, ஓரத்தில் ஒரு மெல்லிய வரி பிசின் பிதுங்கினால் போதும். பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் சேரும் கலவை விகிதம் எடையில் ஒன்றாகவும் கொள்ளளவில் வேறாகவும் இருக்கலாம்; டப்பாவில் சொல்லியிருப்பது எது என்று பாருங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டிவிடாதீர்கள். மிஞ்சிய ஹார்டனர் இணைப்பை பலவீனமாக்கும்.

கேள்வி: போல்ட்களை எவ்வளவு இறுக்க வேண்டும்?

பதில்: வரைபடம் வேறு அளவு சொல்லாதவரை, சுயமாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுடன் 3/16 அங்குல ஏஎன்3 (விமான போல்ட்டின் தர எண்) போல்ட்டுக்கு 20–25 அங்குல-பவுண்டு முறுக்கு விசை, 1/4 அங்குல ஏஎன்4-க்கு 50–70. புரி உலர்ந்திருக்க வேண்டும்; திருப்புவது நட்டாக இருக்கட்டும். நட் எளிதாகச் சுழலாததால் ஏற்படும் உராய்வு முறுக்கையும் அளந்து இதோடு கூட்டிக்கொள்ளுங்கள். போல்ட் சுழலக்கூடிய மூட்டுகளில் இந்த நட் கூடாது. அங்கே கோட்டை நட்டும் (தலைப்பில் வெட்டுகள் உள்ள நட்), அதன் வெட்டு வழியே செருகி வளைக்கும் காட்டர் பின்னும்தான். நைலான் வளையம் உள்ள நட்டை இன்ஜின் அறைக்குள் போடாதீர்கள், வெப்பத்தில் பிடிப்பு போய்விடும்.

கேள்வி: பெயின்ட் அடிப்பதற்கு முன்பே எடை போட்டுவிட்டேன். மறுபடியும் போட வேண்டுமா?

பதில்: கண்டிப்பாக. ஒரு கணக்கைப் பாருங்கள். குறிப்புக் கோட்டிலிருந்து (தூரங்களை அளக்கத் தொடங்கும் இடம்) 0.5 மீட்டரில் உள்ள முன்சக்கரத்தில் 60 கிலோ, 2 மீட்டரில் உள்ள பின்சக்கரங்கள் இரண்டிலும் சேர்த்து 240 கிலோ என்றால், (30 + 480) ÷ 300 = 1.70 மீட்டரில் ஈர்ப்பு மையம். அதே கோட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி உள்ள வாலில் வெறும் 2 கிலோ பெயின்ட் ஏறினாலும் அது 1.722-க்கு நகர்ந்துவிடும், 22 மி.மீ. பின்னால். மூன்று தராசுகளில், விமானத்தைச் சமமட்டமாக நிறுத்தி, காற்றோட்டம் இல்லாத மூடிய இடத்தில் எடை போடுங்கள்.

இதைவிட ஆபத்தானது எய்லரான், எலிவேட்டர், ரடர் ஆகிய, விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் அசையும் பாகங்களில் ஏறும் பெயின்ட். கீலுக்குப் பின்னால் எடை கூடினால், வேகம் ஏறும்போது அந்தப் பாகம் தானே படபடத்துச் சில நொடிகளில் பிய்ந்துபோகலாம். பெயின்ட் உலர்ந்தபின் மூன்றையும் கழற்றி, கீல் அச்சில் தாராளமாகத் திரும்பும்படி தொங்கவிட்டுச் சமநிலையைப் பாருங்கள். வடிவமைப்பாளர் கொடுத்த எல்லைக்குள் வரும்வரை கீலுக்கு முன்னால் ஈயம் சேர்த்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.