மாணவர் கேள்வி பதில்: வீட்டுக்குத் தெரியாமல் தோற்ற ஆண்டு

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கமிருந்து ஜொஹன்னஸ்பர்க் போய்ப் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அனுப்பிய கடிதங்களில் ஐந்தை இந்த ஆகஸ்ட் இதழுக்கு எடுத்திருக்கிறோம். ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

கேள்வி: பி.காம் மூன்றாம் ஆண்டு. போன வருஷம் இரண்டு பாடம் போய்விட்டது. இந்த வருஷம் ஏப்ரலிலிருந்து வகுப்புக்கே போகவில்லை, ஜூன் தேர்வும் எழுதவில்லை. வீட்டில் எல்லாம் பாஸ் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பா பட்டமளிப்புக்குப் புது சூட் வாங்கிவிட்டார். தூக்கமே இல்லை. சில நாள் இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது. (பீட்டர்மாரிட்ஸ்பர்க் மாணவர்)

தம்பி, கடிதத்தின் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில். அதை இன்றைக்கே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் தற்கொலைத் தடுப்பு எண் 0800 567 567. ராத்திரி 2 மணிக்கும் எடுப்பார்கள். எப்படி, எப்போது என்றெல்லாம் மனம் திட்டம் போட ஆரம்பித்துவிட்டால் தனியாக இருக்காதீர்கள். அறைத் தோழனையோ பக்கத்து அறைக்காரரையோ எழுப்பி, பக்கத்து ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அறையில் மாத்திரைகள் இருந்தால் அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, உங்கள் பல்கலைக்கழகத்தின் கவுன்சிலிங் பிரிவு. மாணவர்களுக்குக் கட்டணம் கிடையாது. வெறுமனே அப்பாயின்ட்மென்ட் கேட்டால் இரண்டு மூன்று வாரம் தள்ளிக்கூடக் கிடைக்கும். வரவேற்பில் இருப்பவரிடம், எங்களுக்கு எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள்: “இருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறது.” அப்படிச் சொல்பவரை வரிசையில் காக்க வைக்கமாட்டார்கள். உள்ளே பேசுவது உள்ளேயே இருக்கும். உயிருக்கு ஆபத்து என்று அவர்கள் கருதினால் மட்டுமே அடுத்தவரைக் கூப்பிடுவார்கள்.

வீட்டுக்கு லெட்டர் போய்விடுமோ என்ற பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. இந்த நாட்டில் 18 வயது ஆனவர் மேஜர். உங்கள் சம்மதம் இல்லாமல் பல்கலைக்கழகம் மார்க்கை அப்பாவிடம் சொல்லாது. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியா அதற்குக் குறுக்கே நிற்கிறது. அதனால் எப்போது சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. ஆனால் பட்டமளிப்புப் பட்டியல் வரும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

படிப்பு விஷயத்துக்கு ஃபாக்கல்ட்டி அலுவலகம் போங்கள். முதல் செமஸ்டர் எழுதாத தேர்வுகளுக்கு இனி செய்ய அதிகம் இல்லை. உடம்பு சரியில்லாமல் எழுதாதவருக்கு பிறகு எழுதும் டெஃபர்டு தேர்வு உண்டுதான், ஆனால் அதற்கு டாக்டர் உங்களை அந்த நாட்களிலேயே பார்த்து, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு போய் வாங்கும் சான்றிதழைப் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். இரண்டாம் செமஸ்டர் அப்படியில்லை, அதில் இன்னும் வழி இருக்கிறது. மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போங்கள். இந்தப் பாடங்களைப் பதிவிலிருந்து நீக்கக் கடைசி நாள் எது? ஓராண்டு விடுப்பு எடுத்தால் என் இடம் அப்படியே இருக்குமா? இன்றைக்கு விலகினால் கட்டணத்தில் எவ்வளவு கழியும்? கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான இடங்களில் கழிவு தேதிவாரியாகக் குறைந்துகொண்டே போகும், ஒரு தேதிக்குப் பிறகு முழுக் கட்டணமும் உங்கள் தலையில்தான். வகுப்புக்குப் போவதை நிறுத்துவதும் விலகுவதும் ஒன்று கிடையாது. ஃபாரம் கொடுக்காமல் நின்றுவிட்டால் மார்க் தாளில் ‘ஆப்சென்ட்’ ஏறும், கடனும் ஏறும்.

இந்தத் தாள்கள் கையில் வந்தபிறகு வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம், கல்யாண வீட்டில் வேண்டாம். அப்பாவிடம் நேரே போகமுடியாவிட்டால் ஆயாவிடமோ சித்தப்பாவிடமோ முதலில் சொல்லி, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தால் நடுவில் தொண்டை அடைத்துக்கொள்ளும், அதனால் முடிவை முதலில் சொல்லுங்கள்: “அப்பா, இந்த வருஷம் நான் பட்டம் வாங்கமாட்டேன். ஏப்ரலிலிருந்து மனசு சரியில்லை, கவுன்சிலரைப் பார்க்கிறேன். பாஸ் என்று பொய் சொன்னேன். இன்ன தேதிக்குள் இந்த ஃபாரத்தைக் கொடுக்கணும்.” இந்த நாலு வாக்கியம் போதும். அவர் கோபப்படலாம். கோபம் இறங்க இரண்டு நாள் கொடுங்கள்.

இதைப் படிக்கும் அப்பாமார்களுக்கு எங்கள் வேண்டுகோள் ஒன்றுண்டு. பிள்ளை இப்படி வந்து நின்றால் கட்டின பணத்தைப் பற்றி அன்றைக்குக் கேட்காதீர்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள்.

கேள்வி: பொறியியல் முதலாண்டு. மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வில் கணக்குப் பாடத்தில் 86 எடுத்தவள். முதல் செமஸ்டர் 52-ல் தப்பித்தேன். இப்போது முதல் டெஸ்டில் 34. ராத்திரி பகலாக நோட்ஸ் படிக்கிறேன். இரண்டு டெஸ்டுக்கும் தலா 20 சதவீதம், இறுதித் தேர்வுக்கு 60. பாடத்தை விட்டுவிடலாமா? (சாட்ஸ்வொர்த் மாணவி)

விடாதீர்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 34-க்கு 20 சதவீதம் என்றால் 6.8 கையில் இருக்கிறது. அடுத்த டெஸ்டில் 55 எடுத்தால் 11 சேரும், மொத்தம் 17.8. 50-க்கு இன்னும் 32.2 வேண்டும், அதற்கு இறுதித் தேர்வில் 54 எடுத்தால் போதும். அடுத்த டெஸ்டிலும் சறுக்கி 40 என்றால் இறுதியில் 59 தேவைப்படும். எட்டக்கூடிய தூரம்தான். ஆனால் கோர்ஸ் அவுட்லைனில் இரண்டு வரியைத் தேடிப் படியுங்கள். ஒன்று டி.பி., அதாவது தேர்வு எழுத அனுமதிக்கும் குறைந்தபட்ச வகுப்பு மார்க்கும் வருகையும். மற்றது, இறுதித் தேர்வில் தனியாக எடுக்கவேண்டிய குறைந்தபட்ச மார்க். மொத்தம் 50 வந்தும் இவற்றில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

நோட்ஸ் படிப்பதுதான் உங்கள் சிக்கல் என்று நினைக்கிறோம். தென்னாப்பிரிக்கப் படிப்புகளில் ஒரு கிரெடிட் என்பது 10 மணி நேர உழைப்பு. 16 கிரெடிட் பாடத்துக்கு 160 மணி. தேர்வு வாரங்களையும் சேர்த்து செமஸ்டர் 16 வாரம் என்று வைத்தால் வாரம் 10 மணி. வகுப்பும் டுட்டோரியலும் ஆறேழு மணியை எடுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் மூன்று நாலு மணியில் நோட்ஸைத் திறக்கக்கூடாது, வெள்ளைத்தாளில் கணக்குப் போடவேண்டும். மெட்ரிக்கில் பழைய கேள்வித்தாள் பத்தைப் போட்டால் அதே சாயலில் கேள்வி வரும். இங்கே டெஸ்டில் வருவதை அதற்கு முன் பார்த்தே இருக்கமாட்டீர்கள்.

34 வாங்கிய விடைத்தாளைக் கையில் வாங்குங்கள். போன ஒவ்வொரு மார்க்குக்கும் பக்கத்தில் வழி, பிழை, நேரம் என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். ‘வழி’ அதிகமென்றால் பாடம் புரியவில்லை, டுட்டரிடம் போங்கள். ‘பிழை’ அதிகமென்றால் கால்குலஸில் குறையில்லை. மைனஸ் குறியிலும் பின்னத்திலும் கை தடுமாறுகிறது. பள்ளிக்கூட ஆல்ஜீப்ரா தினம் பத்துக் கணக்கு, மூன்று வாரம் போடுங்கள். முதலாண்டில் இதுதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது, வெட்கப்பட ஒன்றுமில்லை. டுட்டோரியலுக்கு முன் ஒவ்வொரு கணக்கோடும் 20 நிமிடம் மல்லுக்கட்டி, நின்றுபோன வரிக்குக் கீழே கோடு போட்டுக்கொண்டு போங்கள். “எதுவும் புரியலே” என்றால் டுட்டரால் உதவ முடியாது. “இந்த வரியில் நிற்கிறேன்” என்றால் இரண்டு நிமிட வேலை.

விடுவது பற்றி இன்னொன்று. முதலாண்டுக் கணக்கு முடிக்காமல் இரண்டாம் ஆண்டின் பல பாடங்களை எடுக்கமுடியாது. அரசின் மாணவர் நிதியுதவியான நஸ்ஃபாஸில் படிப்பவரென்றால், 4 ஆண்டுப் படிப்புக்கு மேல் ஒரே ஓர் ஆண்டுதான் பணம் தருவார்கள். அந்த ஓர் ஆண்டை இப்போதே செலவழிக்காதீர்கள்.

கேள்வி: தேர்வு தீபாவளியன்று விழுந்தால் என்ன செய்வது? (டொங்காட் வாசகி)

தீபாவளி இங்கே அரசு விடுமுறை கிடையாது. இரண்டாம் செமஸ்டர் தேர்வுகள் பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் வரை நடப்பதால் அடிக்கடி மோதும். முதலில் வரைவு அட்டவணை வரும், குறை சொல்ல ஒரு கெடுவும் போடுவார்கள். அதற்குள் தேர்வு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். அமாவாசைக் கணக்கில் ஊருக்கு ஊர் ஒரு நாள் முன்பின் வரும், அதனால் தேதி குறிப்பிட்ட கோயில் கடிதத்தையும் இணையுங்கள். இறுதி அட்டவணை வந்தபிறகு கேட்டால் கிடைப்பது அரிது. சொல்லாமல் போகாமலிருந்துவிட்டுக் கோயில் கடிதம் காட்டுவது பலிக்காது. அனுமதி கிடைக்காவிட்டால், 4 மணிக்கு எண்ணெய் வைத்துக் குளித்து விளக்கேற்றிவிட்டுத் தேர்வுக்குப் போகலாம். புரட்டாசி விரதம் இருப்பவர்கள் விடுதிச் சாப்பாட்டை சைவத்துக்கு மாற்ற இப்போதே எழுதிக் கொடுங்கள். மாதம் பிறந்தபிறகு கேட்டால் ரொட்டியும் சீஸும்தான் கிடைக்கும்.

கேள்வி: மகள் ஜொஹன்னஸ்பர்க் பிராம்ஃபொன்டெய்னில் தனியார் அறையில் இருந்தாள். குத்தகை முடிந்து ஜூன் 30-ஆம் தேதி காலி செய்தாள். டெபாசிட் 5,500 ராண்ட். ஆறு வாரமாகியும் தரவில்லை. கேட்டால் பெயின்ட் அடித்த செலவு என்கிறார்கள். அறையைப் பார்க்க யாரும் வரவில்லை. (ஃபீனிக்ஸ் தாய்)

அம்மா, சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டப்படி, குத்தகை முடியும் முன் மூன்று நாளுக்குள் வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் சேர்ந்து அறையைப் பார்க்கவேண்டும். வீட்டுக்காரர் அப்படிப் பார்க்காவிட்டால் அறை நல்ல நிலையில் இருந்தது என்று ஒப்புக்கொண்டதாகவே பொருள். பிறகு சேதம் என்று சொல்லிப் பிடிக்கமுடியாது. டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் போட்டிருக்க வேண்டும், வட்டியும் உங்களுக்குச் சேரும். பாக்கி எதுவும் இல்லையென்றால் 7 நாளில் திருப்பவேண்டும். குடியிருந்ததால் சுவர் மங்குவது சேதத்தில் சேராது.

மகள் பெயரில்தான் குத்தகை இருக்கும், ஆகவே அவளே எழுதட்டும். காலி செய்த தேதி, தொகை, கூட்டுப் பார்வை நடக்கவில்லை என்ற விஷயம், 7 நாள் கெடு ஆகியவை ஒரே மின்னஞ்சலில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சண்டை வேண்டாம். கெடு தாண்டினால் ஜொஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்தில் புகார் கொடுக்கலாம். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. குத்தகைப் பத்திரம், டெபாசிட் கட்டிய ரசீது, அடையாள அட்டை நகல், அனுப்பிய மின்னஞ்சல் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். அடுத்த அறைக்குப் போகிற அன்றைக்கே சுவர், மெத்தையின் இரு பக்கம், குழாய், மின் மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து, அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்பட்டும்.

கேள்வி: அம்மா டர்பனில் ஒரு மணி நேரத்தில் வைக்கும் சுகர் பீன்ஸ் (புள்ளி போட்ட காய்ந்த பீன்ஸ்) கறி இங்கே இரண்டு மணி நேரமானாலும் கடிபடுகிறது. (மெர்பேங்க் மாணவர்)

உங்கள் கைப்பக்குவம் சரிதான். ஜொஹன்னஸ்பர்க் கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 1,750 மீட்டரில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் சூடேறாது. இரண்டு கப் பீன்ஸை ராத்திரி 10 மணி நேரம், லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உப்புப் போட்ட தண்ணீரில் ஊறவையுங்கள். தோல் இளகும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் கால் டீஸ்பூன் சமையல் சோடா சேருங்கள். அதற்கு மேல் போட்டால் சோப்பு வாடை வரும். முதல் 10 நிமிடம் தளதளவென்று கொதித்தே ஆகவேண்டும். பாதி வெந்த பீன்ஸ் வாந்தியில் கொண்டு விடும். ஸ்லோ குக்கரில் வைப்பதானாலும் இந்தக் கொதியை முடித்துவிட்டு வையுங்கள். பிரஷர் குக்கர் இருந்தால் அம்மா 20 நிமிடம் வைப்பதை 24 நிமிடமாக வையுங்கள். தக்காளியையும் புளியையும் முதலிலேயே போட்டால் புளிப்பில் பீன்ஸ் இறுகிப்போகும். ஒரு பீன்ஸை எடுத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாக நசுங்கிய பிறகு தாளித்துச் சேருங்கள்.